கொங்கு நாட்டுச் சபைகளுக்குப் புதுப் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்துச் சபைகளில் புதுப் பாட்டு எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து எழுதுவதும், எழுதியதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சொல்லித் தருவதும் என் ஊழியம். ஆயர்களும் கொயர்க்காரர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முற்போக்கு வழிபாட்டுப் பாட்டுன்னா என்னங்க? கட்சிப் பாட்டுங்களா?

கட்சிப் பாட்டு இல்லைங்க. கடவுளின் அன்புக்கு வேலி கிடையாது, வேதத்தைக் கேள்வி கேட்டுப் படிப்பது பாவம் இல்லை, கூலியும் தண்ணீரும் சாதியும் பெண்களின் நிலையும் விசுவாசத்துக்கு வெளியே இருக்கிற விஷயங்கள் இல்லை என்று நம்புகிறவர்கள் பாடுகிற பாட்டு. இது ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை. பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளித் தாழ்ந்தவர்களை உயர்த்தினார் என்று மரியாள் பாடியது லூக்கா முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. நியாயம் இல்லாத இடத்துப் பாட்டு எனக்கு வெறும் இரைச்சல் என்று கடவுள் சொல்வது ஆமோஸ் 5ஆம் அதிகாரம்.

இப்போது நம் சபைகளில் ஓடுகிற பாட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். என்னை ஆசீர்வதியும், என்னை உயர்த்தும், என் சத்துருவைத் தள்ளும் என்றே பெரும்பாலும் போகும். தனி மனுஷனுடைய ஜெபம் தப்பில்லை. ஆனால் ஆரம்பப் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அதுவே என்றால், பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குப் போன வாரம் வேலை போன சங்கதி ஆராதனைக்குள் வரவே வராது.

கீர்த்தனையும் பாமாலையும் இருக்குது. புதுசா எதுக்கு?

கீர்த்தனை நம் ராகத்தில் வந்த பாட்டு, பாமாலை மேற்கத்திய ராகத்துப் பாட்டு. கீர்த்தனைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் அதில் வளர்ந்தவன். ஆனால் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப் பாட்டாக இருந்ததுதான் என்பதை மறக்கக் கூடாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்கிற நாடக வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஜெர்மன், ஆங்கில ராகத்தில் பாடிவந்த சபைகளுக்கு அன்றைக்கு அது பெரிய மாற்றம்.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். இதே சாஸ்திரியார், தஞ்சைச் சபையில் சாதிப் பிரிவினையை எடுக்க மிஷனரிகள் முயன்றபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதினார். அத்தனை உருக்கமாகப் பாடியவரே, திருவிருந்துப் பந்தியில் எல்லோரும் ஒன்றாக இருப்பதை ஏற்கவில்லை. அவரைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாட்டு பக்தியாக இருந்தால் போதும், சபை தானாகத் திருந்திவிடும் என்று நம்ப முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். சாதியைப் பற்றிப் பாட வேண்டுமென்றால் சாதி என்ற சொல்லைப் பாட்டில் வைத்துத்தான் பாட வேண்டும். "எல்லோரும் ஒன்று" என்று பொதுவாகப் பாடிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை பிரிக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.

வேற எங்கெல்லாம் இப்படி எழுதறாங்க?

பிரிட்டனில் 1960களில் ஒரு பெரிய அலை எழுந்தது. ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1962இல் பாட்டு எழுதுகிறவர்களும் இசைக்காரர்களும் கூடிப் பேசியது அதற்கு ஒரு தொடக்கம். ஃப்ரெட் கான், பிரையன் ரென் போன்றவர்கள் போர், பசி, பெண்களின் இடம் எல்லாவற்றையும் பாமாலைக்குள் கொண்டுவந்தார்கள். ஆசியச் சபைகளுக்கான பாமாலைப் புத்தகம் ஒன்றை 1963இல் தொகுத்தவர் டி. டி. நைல்ஸ், யாழ்ப்பாணத்துத் தமிழர். நமக்கு ரொம்பக் கிட்டத்தில் என்றால், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு (1940–2005), "பரட்டை" என்று அறியப்பட்டவர். அவரைப் பற்றிப் பறை கேள்வியில் சொல்கிறேன்.

அந்த இங்கிலீஷ் பாட்டுகளையே தமிழில் போட்டாப் போதாதுங்களா?

ஓரிரண்டு நன்றாக வரும். பெரும்பாலும் வராது. இங்கிலீஷ் பாமாலை அசைகளை எண்ணி, அழுத்தம் விழுகிற இடம் பார்த்து எழுதப்படுவது: முதல் வரிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு என்று போகும். தமிழுக்குக் குறில் நெடில்தான் உயிர். குறில் விழ வேண்டிய இடத்தில் ராகம் நீண்டால் சொல் உடைந்துபோகும். மேற்கத்திய ராகத்துக்கு மொழிபெயர்த்த பழைய ஞானப்பாட்டுகள் சிலவற்றில் சபை வாயை அசைக்கிறதே தவிர அர்த்தம் மனதில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது துணிச்சலைத்தான். நியூசிலாந்துக்காரர் ஷர்லி எரினா மரே (1931–2020) ஒரு நல்ல உதாரணம். அவர் நாட்டில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும். பனி கொட்டுகிற பாட்டையே பாடிக்கொண்டிருக்காமல், தங்கள் வெயிலுக்கு ஏற்ற கிறிஸ்துமஸ் பாட்டை எழுதினார். நம் கிறிஸ்துமஸ் எப்போது வருகிறது? மார்கழியில், மஞ்சள் காட்டில் இலை பழுக்கத் தொடங்குகிற நேரத்தில். அந்த வாசனையோடு எத்தனை கேரல் நம்மிடம் இருக்கிறது?

எந்த மெட்டுல எழுதறது? எங்களுக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாதுங்க.

தெரியும். கும்மி தெரியாத ஊர் கொங்கு நாட்டில் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் வீட்டிலேயே இருக்கின்றன. கும்மி மும்மை நடையில், மூன்று மூன்றாக எண்ணிப் போவது. கை தட்டுகிற இடம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பாவ அறிக்கைப் பாட்டைக் கும்மி மெட்டில் இப்படித் தொடங்கலாம்:

நொய்யல் நதியிலே சாயம் கலந்தது,
நெஞ்சில் உறைக்காமல் வாழ்ந்துவிட்டோம்;
செய்யும் தொழிலிலே சோறு கிடைத்தது,
செத்திட்ட மீனுக்கு யார்பொறுப்பு?

இந்த நாலு வரியில் "வாழ்ந்துவிட்டோம்" என்கிற இடத்துக்காகத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்டது. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. கீழே இருந்த நிலமும் கிணறும் கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது நிலம் கெட்டவரும், பட்டறை மூடியதால் கூலி இல்லாமல் போனவரும், பட்டறை வைத்திருந்தவரும் ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருந்த சபைகள் உண்டு. "அவர்கள் கெடுத்தார்கள்" என்று எழுதினால் பாதிப் பேர் பாட மாட்டார்கள், மீதிப் பேர் தங்களை நீதிமான்களாக நினைத்துக்கொண்டு பாடுவார்கள். "எல்லோரும் பாவிகள்" என்று பொதுவாக எழுதினாலோ நதி காணாமல் போய்விடும். நதியின் பெயரும் வேண்டும், அந்தத் தொழிலில் நாமும் சாப்பிட்டோம் என்கிற ஒப்புதலும் வேண்டும். அப்புறம் அடுத்த சரணத்தில், அதிகம் இழந்தவர் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாதே.

மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் நிற்கட்டும். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு வசதியான சுருதியை விட, மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பாட்டிக்கு எட்டுகிற சுருதி முக்கியம்.

பறை, துடும்பு, ஜமாப் எல்லாம் ஆலயத்துக்குள்ள வரலாமுங்களா? சாவு மேளம்னு சொல்றாங்களே.

வரலாம். வர வேண்டும் என்றே சொல்வேன்.

பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கும்போது, அதை அடிக்கிறவரையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறோம். அந்தத் தோலைத் தொட்டவர்கள் தீட்டு என்பதுதான் அந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது. பியானோவும் வயலினும் மட்டும் பரலோகத்திலிருந்து வந்தவையா? சங்கீதம் 150 தம்புரையும் கைத்தாளமும் சேர்த்தே துதிக்கச் சொல்கிறது.

அப்பாவு செய்தது இதைத்தான். கர்நாடக சங்கீதமும் மேற்கத்திய ராகமும் மேல்சாதி, மேல்தட்டு ருசியைச் சபைக்குள் உட்கார வைக்கின்றன, நாட்டுப்புற இசை ஒடுக்கப்பட்டவர்களின் கைக்கு அவர்களுடைய இறையியலைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அவர் வாதாடினார். முழு ஆராதனை முறையையே கிராமிய இசையில் அமைத்தார். ஒரே உலையில் ஆக்கி எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதைத் திருவிருந்தின் அர்த்தமாக வைத்தார். தான் எழுதிய பாட்டை ஜனங்கள் தங்கள் நிலைமைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பதும் அவருடைய கொள்கை. பாட்டு எழுதுகிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு மட்டும் பறைக் குழுவை வெளியிலிருந்து வரவழைத்து, வாசலில் அடிக்கச் சொல்லி, சாப்பாட்டைத் தனியாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். வாசிக்கிறவர் கொயரில் ஒருவராக, உள்ளே, மற்றவர்களோடு உட்கார வேண்டும். கீபோர்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிற சபை அவருக்கும் அதே மரியாதையோடு கொடுக்க வேண்டும். இது நடக்காதென்றால் பறை வந்தும் பிரயோஜனம் இல்லை.

கடவுளை அப்பான்னு மட்டும்தான் கூப்பிடணுமா?

இல்லை. தாய் தேற்றுகிறதுபோலத் தேற்றுவேன் என்று ஏசாயா 66:13இல் கடவுளே சொல்கிறார். குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியைச் சொன்னது இயேசு. காசைத் தேடி வீட்டைப் பெருக்குகிற பெண்ணைக் கடவுளுக்கு உவமையாக்கியதும் அவரே. தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது: நீர், அவர் இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அப்பா என்கிற சொல்லை யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம். அது சிலருக்கு ஒரே ஆறுதல். குடித்துவிட்டு அடிக்கிற அப்பாவிடம் வளர்ந்த பிள்ளைக்கு வேறு ஒரு வாசல் திறந்திருக்கட்டும்.

தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்ப லலிதாவை நந்தியாலுக்குப் பேராயராக்கியது. ஒரு பெண் பேராயராகிவிட்ட திருச்சபையில், பாட்டுகளில் இன்னும் "சகோதரரே" மட்டும் இருப்பது சரியில்லை.

திருநங்கைகளைப் பற்றிப் பாட்டு எழுதலாமா?

அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். அண்ணகர்களைக் கடவுள் சேர்த்துக்கொள்கிற ஏசாயா 56:3–5ஐயும், அண்ணகராக இருந்த அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரியையும் சேர்ந்து படித்துவிட்டு எழுத உட்காருங்கள். பரிதாபப்பட்டு எழுதுகிற பாட்டு வேண்டாம்.

சிலுவை, இரத்தம் பற்றிய பாட்டுகளை நிறுத்தணுமா?

இதில் முற்போக்கு நண்பர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கோபம் தணிய இரத்தம் கேட்கிற கடவுள் என்கிற படம் மட்டுமே சிலுவைக்கு அர்த்தம் என்றால், அது அடிபட்டவர்களை இன்னும் அடிக்கும். அதை நான் பாட்டில் எழுத மாட்டேன். ஆனால் அடிபட்டுச் செத்த ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுவதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது, அடிபட்ட ஜனங்களுக்குத்தான் தெரியும். புதிய ஏற்பாட்டிலேயே சிலுவைக்கு மீட்பு, ஒப்புரவு, வெற்றி, அன்பின் அடையாளம் என்று பல விளக்கம் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அத்தனையும் பாடப்படட்டும். படித்தவர்களின் சங்கடத்துக்காகக் கூலிக்காரருடைய சிலுவைப் பாட்டை எடுத்துவிடக் கூடாது.

தவிர்க்க வேண்டிய சொற்கள் எதுவும் உண்டுங்களா?

கருப்பைப் பாவத்துக்கும் வெள்ளையைப் பரிசுத்தத்துக்கும் போடாதீர்கள். பெண் பார்க்கப் போகையில் நிறம் பார்க்கிற ஊரில், கருத்த பிள்ளை அந்த வரியை எப்படிப் பாடும்? குருடன், செவிடன், ஊமை என்பவற்றைப் பாவத்துக்கு உருவகமாக வைக்காதீர்கள். சேனை, யுத்தம், சத்துரு என்ற சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே நின்று கேட்கிற பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.

எஜமான், அடிமை என்பது கொஞ்சம் சிக்கலானது. பண்ணாடி (நிலக்காரர்) முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவருடைய பேரப்பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். கடவுள் ஒருவர்தான் எஜமான், ஆகவே வேறு எவனும் இல்லை என்று வருகிற வரி விடுதலை தரும். நான் அடிமை, அடிமை என்று மட்டும் நிற்கிற வரி பழைய முதுகு வளைவைத் திரும்பக் கொண்டுவரும். ஒவ்வொரு வரியையும் அவர்களிடம் பாடிக் காட்டிக் கேளுங்கள்.

மில்லு, தறி, பனியன் கம்பெனி இதெல்லாம் பாட்டுல வந்தா பக்தி குறையாதா?

வேதத்திலேயே தறி இருக்கிறதுங்க. என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் வேகமாக ஓடுகின்றன என்று யோபு புலம்புகிறார் (யோபு 7:6). சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓட்டுகிறவருக்கு இந்த வசனத்தை விளக்கவே வேண்டாம். நாடா நிற்கிற நாளில் கூலி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

நமக்குக் குறைவாக இருப்பது புலம்பல். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. நம் ஆராதனையிலோ கண்ணீர் வந்தால் அடுத்த வரியிலேயே துடைத்துவிடுகிறோம். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் வாயில் வைக்க, ஒப்பாரியும் தாலாட்டும் கலந்த மெட்டில்:

ராத்திரி ஷிப்ட்டிலே கண்முழிச்சேன் – சாமி
ராவெல்லாம் என்கூட நின்னீரோ?
காத்திலே பறக்குது பஞ்சுத்தூசி – என்
காய்ஞ்ச இருமலக் கேட்டீரோ?

இதற்குப் பதில் சரணம் உடனே எழுதாதீர்கள். கேள்வி அப்படியே நிற்கட்டும். பாடி முடித்துச் சற்று மௌனமாக இருந்துவிட்டு, வேத வாசிப்புக்குப் போகலாம். பாலைவனத்தில் ஆகார் கடவுளுக்கு "என்னைக் காண்கிறவர்" என்று பெயர் வைத்த ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் அந்த இடத்துக்குப் பொருந்தும். எந்த மில், எந்த சூப்பர்வைசர் என்று அடையாளம் தெரிகிற மாதிரி பாட்டில் எழுத வேண்டாம். பாடுகிற பெண் திங்கட்கிழமை அதே இடத்துக்கு வேலைக்குப் போக வேண்டும்.

எங்க சபைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிகளும் வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாதே?

ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற வடிவம் இதற்குத்தான் இருக்கிறது. சரணம் தமிழில் போகட்டும். எல்லோரும் சொல்லும் வரி அல்லேலூயா, ஓசன்னா, ஆமென் என்று எந்த மொழிக்காரருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும். அதோடு நிறுத்தாமல், அவர்களுடைய பாட்டு ஒன்றை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் பலர் தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அவர்கள் சபைகளின் பாட்டுகளில் மத்தளமும் கைகோத்து ஆடுகிற ஆட்டமும் உண்டு. வந்தவர்கள் சொல்லித் தர, உள்ளூர்க்காரர்கள் தடுமாறிக் கற்றுக்கொள்கிற ஒரு ஞாயிறு, வரவேற்புப் பிரசங்கம் ஐந்தைவிட மேல்.

எந்தெந்த நாளுக்கு எழுதலாம்?

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். நதிப் பாட்டுக்கு ஏற்றது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. மே தினத்தை ஒட்டிய ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. இந்த நான்கில் ஆரம்பியுங்கள்.

பெரியவங்க ஒத்துக்கலைன்னா?

முதலில் அவர்கள் பயத்தைக் கேளுங்கள். தங்கள் அம்மாவை அடக்கம் செய்தபோது பாடிய பாட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்பதுதான் அநேகமாக அந்தப் பயம். அந்தப் பாட்டு எங்கேயும் போகாது என்று சொல்லுங்கள், சொன்னபடி அடுத்த வாரமே பாடுங்கள். மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டுக்கு மேல் வேண்டாம். அதையே தொடர்ந்து நாலு வாரம் பாட வேண்டும். ஆராதனை தொடங்கும் முன் பத்து நிமிஷம் சொல்லித் தாருங்கள்.

தென்னிந்தியத் திருச்சபையின் முதல் கோவைப் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, 1950இல் பொறுப்பேற்றவர், கிறிஸ்தவ வாழ்க்கையைப் பக்தி மார்க்கமாகப் பார்த்து எழுதினவர். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் அன்போடு படித்தவர். இந்த மண்ணின் பாட்டு வழியில் கடவுளைத் தேடுவது இந்தத் திருமண்டலத்துக்குப் புதிது இல்லை என்று சொல்ல அவர் பெயர் உதவும்.

சரி, இத்தனைக்குப் பிறகும் சாதிப் பாட்டு வேண்டாம், பறை வேண்டாம் என்றால்? அங்கே பிரச்சினை பாட்டு இல்லை. ஆயரும் கமிட்டியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. பாடகர் குழுவின் இளையவர்களைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

காப்புரிமை விஷயம் எப்படிங்க? எழுதினதை யூடியூப்ல போடலாமா?

மதச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவதை இந்தியக் காப்புரிமைச் சட்டம் (1957) மீறலாகக் கருதுவதில்லை. அச்சடிப்பது, பதிவு செய்வது, யூடியூபில் ஏற்றுவது, மொழிபெயர்ப்பது வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. சாஸ்திரியார் பாட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. சினிமா மெட்டில் வார்த்தை மாற்றிப் பதிவேற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். கும்மி மெட்டுக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

உங்கள் சொந்தப் பாட்டு என்றால் வார்த்தை, மெட்டு, எழுதிய வருஷம், எந்தச் சபையில் முதலில் பாடியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து எழுதியிருந்தால் நாலைந்து பேர் பெயரும் போக வேண்டும். பாட்டுக்கான வரியைப் பேச்சுவாக்கில் கொடுத்தது பெருக்க வந்த அக்கா என்றால், அவரிடம் கேட்டுவிட்டு அவர் பெயரை முதலில் போடுங்கள்.